கூப்பிட்ட குரலுக்கு எழுந்து நின்றவர் யார்?



கல்லூரிகளில் நடக்கும் மத நல்லிணக்க விழாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேடையில் ஓர் ஆலிம், ஒரு பாதிரியார், ஒரு சாமியார். மூவருக்கும் பொன்னாடை. எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்று மூவரும் பேசுவார்கள். கைதட்டல், புகைப்படம், தேநீர். அத்தோடு முடிந்தது.

மறுநாள் அதே கல்லூரியில் ஒரு மாணவன் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தப்படுகிறான். ஒரு மாணவி தலைத்துணிக்காக வாசலில் நிறுத்தப்படுகிறாள். நேற்று மேடையில் இருந்தவர்களில் எத்தனை பேர் முதல்வர் அறைக்குப் போய் "ஏன்?" என்று கேட்கிறார்கள்?

விழா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நீதி கேட்காத நல்லிணக்கம் பொன்னாடையோடு போய்விடும் என்றுதான் சொல்கிறோம். அமைதி என்பது அடிபட்டவன் வாய் மூடிக் கிடப்பது அல்ல.

இதை மற்றவர்களைப் பார்த்துக் கேட்பது எளிது. இன்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

உடுப்பியில் நடந்தது என்ன?

உடுப்பி அரசு மகளிர் பி.யு. கல்லூரியில் ஹிஜாப் அணிந்த ஆறு மாணவிகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 2022 தொடக்கத்தில் அந்த விவகாரம் கர்நாடகம் முழுவதும் பரவியது. பல கல்லூரிகளில் காவித் துண்டு அணிந்த மாணவர்கள் கோஷமிட்டுத் திரண்டார்கள். பிப்ரவரி 5ல் மாநில அரசு சீருடை ஆணை போட்டது. மார்ச் 15ல் உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. அக்டோபர் 13ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு அளிக்க, வழக்கு தலைமை நீதிபதியிடம் போனது.

அப்போது நம் இளைஞர்கள் பலர் என்ன பேசினார்கள்? "எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். நமக்கு ஆள் இல்லை" என்றார்கள். இது உண்மையா?

சிக்கமகளூரு கல்லூரியில் காவித் துண்டுகளுக்கு எதிரே நீலத் துண்டு அணிந்து, "ஜெய் பீம்" என்று முழங்கி நம் மாணவிகளுக்கு ஆதரவாக நின்றவர்கள் யார்? தலித் மாணவர்கள். நீதிமன்றத்தில் மாணவிகளுக்காக வாதாடிய தேவதத் காமத், ரவிவர்ம குமார், துஷ்யந்த் தவே ஆகியோர் யார்? உச்ச நீதிமன்றத்தில் மாணவிகளின் படிப்புதான் முக்கியம் என்று அவர்கள் பக்கம் தீர்ப்பு எழுதிய நீதிபதி சுதான்ஷு துலியா யார்? இவர்களில் ஒருவரும் முஸ்லிம் இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த மாணவிகளுக்குக் கைகொடுத்த முன்மாதிரி வழக்குகளில் முக்கியமானது 1986ல் வந்த பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற சின்னஞ்சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. யாரோ மூன்று பிள்ளைகள் வாங்கிய நீதி, முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து நம் பெண்களுக்குக் கேடயமானது. அடுத்தவனுக்குக் கிடைக்கும் நீதியில் நமக்கும் பங்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கணக்கு நேராகுமா?

இப்போது மறுபக்கக் கணக்கைப் பார்ப்போம். 2013 முஸஃபர்நகர் கலவரத்தில் பறிபோன உயிர்களையும் ஊரைவிட்டு விரட்டப்பட்ட குடும்பங்களையும் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. 2015ல் டெல்லியில் அந்தப் படத்தைத் திரையிடவிடாமல் தடுத்தார்கள். அதைக் கண்டித்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் குரல் எழுப்பியது அம்பேத்கர் மாணவர் சங்கம். அதைத் தொடர்ந்து ஏற்பட்ட தகராறின் பேரில் அந்தச் சங்கத்தின் ஐந்து மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஐவரில் ஒருவரான ரோஹித் வேமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார்.

சாதி, மதம், மொழி பார்த்து மாணவரை ஒதுக்கக் கூடாது, புகாரை விசாரிக்க ஓர் அதிகாரி வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012லேயே விதி கொண்டுவந்திருந்தது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் விதி காகிதமாகவே கிடக்கும்.

நமக்காகக் குரல் கொடுத்த சங்கத்தின் பிள்ளை அவர். அவருக்காக நம் ஊர் ஜமாஅத்துகளில் எத்தனை கூட்டம் போட்டோம்? எத்தனை ஜும்ஆ மேடையில் அந்தத் தாயின் கண்ணீரைப் பேசினோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். கடன் வாங்கிய கடைக்காரன் கணக்கை நேர் செய்ய வேண்டாமா?

"நம் பிரச்சினையே தலைக்கு மேல் இருக்கிறது, ஊரார் பிரச்சினை எதற்கு?" என்பார்கள் சிலர். "மார்க்கத்தில் சமரசம் ஆகிவிடுமே" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேருக்கும் ஒரே பதில் உண்டு.

ஹில்ஃபுல் ஃபுளூல்

யமனின் ஸபீத் ஊரிலிருந்து ஒரு வியாபாரி மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்தார். ஆஸ் பின் வாயில் என்ற செல்வாக்குள்ள தலைவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். வெளியூர்க்காரருக்கு யார் துணை? அவர் அபூ குபைஸ் மலை மீது ஏறி நின்று அநியாயத்தைச் சொல்லி ஓலமிட்டார். அந்தக் குரலுக்கு எழுந்த சில குலத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கமே நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். வியாபாரியின் பொருளும் மீட்கப்பட்டது.

அந்த உடன்படிக்கையில் கலந்துகொண்ட இளைஞர் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அப்போது நபித்துவம் வரவில்லை. அவர்கள் சிலையை வணங்கியதே இல்லை. ஆனாலும் சிலை வணங்கியவர்களோடு ஒரே வீட்டில் அமர்ந்து நீதிக்காக வாக்குக் கொடுத்தார்கள். நபியான பிறகும், அப்படி ஓர் அழைப்பு வந்தால் ஏற்பேன் என்ற கருத்தில் அதை நினைவுகூர்ந்தார்கள். அவர்களுக்கு மார்க்கத்தில் சமரசம் ஆகாதது நமக்கு மட்டும் எப்படி ஆகும்? பகைவர்களிடம்கூட நீதி தவறாதீர்கள் என்று திருக்குர்ஆன் 5:8 நமக்குக் கட்டளையிடும்போது, நண்பனுக்கு நீதி கேட்கத் தயங்குவது எந்த மார்க்கம்?

வணிகர்களே, இது மாணவர் சமாச்சாரம் என்று ஒதுங்காதீர்கள்! கல்லூரி வாசலில் மூண்ட நெருப்பு கடைத்தெருவுக்கு வர எத்தனை நாள் ஆயிற்று? 2022 மார்ச்சிலேயே அதே உடுப்பி மாவட்டத்தில், காபு மாரிகுடி கோயில் திருவிழாவில் முஸ்லிம் வியாபாரிகளுக்குக் கடை போட இடம் மறுக்கப்பட்டது. படிப்பைத் தடுத்த கை, பிழைப்பையும் தடுத்தது.

ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகர்கள்தாம். 1951ல் திருச்சியில் உருவான ஜமால் முகமது கல்லூரியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். அதே திருச்சியில் பாதிரியார்கள் நடத்திய செயின்ட் ஜோசப் கல்லூரியில்தான் நம் அப்துல் கலாம் 1954ல் பட்டம் பெற்றார். இந்தக் கொடுக்கல் வாங்கல் நமக்குப் புதிதா?

ஆகவே, என்ன செய்யப் போகிறோம்?

இளைஞர்களே! உங்கள் வகுப்பில் எந்தச் சாதி, எந்த மதத்து மாணவன் அநியாயமாக நடத்தப்பட்டாலும் புகார் மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். ஆத்திரமூட்டும் கோஷத்துக்குப் பதில் கோஷம் வேண்டாம். சட்டமும் சாட்சியும் வேண்டும். விடுதித் தோழனோடு நோன்புக் கஞ்சியைப் பகிருங்கள். அவன் துன்பத்தையும் பகிருங்கள்.

வணிகர்களே! கட்டடத்துக்குக் கல் கொடுத்தீர்கள். இனி வழக்குச் செலவுக்கும், இடைநீக்கப்பட்ட மாணவனின் கட்டணத்துக்கும் கொடுங்கள். அவன் பெயர் அப்துல்லாவா, அந்தோணியா, ஆறுமுகமா என்று கேட்காமல் கொடுங்கள். நாம் நடத்தும் கல்லூரிகளிலும் துப்புரவுத் தொழிலாளி முதல் விடுதிப் பையன் வரை நீதி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். நம் வாசலில் இல்லாத நீதியை அடுத்த வாசலில் கேட்க நமக்கு என்ன முகம் இருக்கிறது?

மலை மீது இன்றும் ஒருவன் நின்று ஓலமிடுகிறான். அவன் நம்மவனா என்று விசாரித்துக்கொண்டு நிற்போமா? எழுந்து நடப்போமா?