ஜாமீன் கிடைத்தும் சிறையிலா?

 

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் கலவரம் மூண்டது. அதைத் தொடர்ந்து ஏப்ரல் 30 அன்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் கைதானார். மே மாதம் ஜாமீனில் வெளியே வந்தார். அவர் பின்னால் ஒரு கட்சியும் வழக்கறிஞர் படையும் நின்றன. அதே கடற்கரையில் கூலிக்கு உப்பு வாரும் ஒரு வாலிபனைப் போலீஸ் பிடித்துப் போனால் அவன் பின்னால் யார் நிற்பார்கள்?

ஜாமீன் கிடைத்தால் வழக்கே முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பணம் கட்டி ஆளை மீட்பதுதான் ஜாமீன் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு! வாய்தா தோறும் வந்து நிற்பேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிதான் ஜாமீன். பத்திரத்தில் ஒரு தொகை குறிப்பார்கள். பெரும்பாலும் அதை அன்றே கட்டத் தேவையில்லை. ஆள் தலைமறைவானால்தான் அத்தொகையை அவனிடமும் ஜாமீன்தாரரிடமும் நீதிமன்றம் கேட்கும்.

சிக்கல் எங்கே? 'இரு நபர் ஜாமீன்' என்று உத்தரவு வருகிறது. வருகிற இருவரிடமும் பட்டா, வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று என்று கேட்கப்படுகிறது. குத்தகை உப்பளத்தில் கூலி வேலை செய்பவனுக்கும் அவன் உறவினருக்கும் பட்டா ஏது? ஜாமீன் உத்தரவு வந்தும் அவன் கம்பிக்குள்ளேயே கிடக்கிறான்.

இது புதிய கொடுமையல்ல. 1978இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோத்தி ராமுக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழ் நீதிமன்றமோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரையும் மறுத்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் அவரை விடச் சொன்னார். 45 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி 31 அன்று, உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்த வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல நேர்ந்ததே!

வாலிபர்களே, இவற்றை மனத்தில் பதியுங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றமானால் ஜாமீன் உரிமை, சலுகையல்ல. அத்தகைய வழக்கில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காதவரை ஏழை என்று கருதிச் சொந்த ஜாமீனில் விடச் சட்டம் சொல்கிறது. குற்றத்துக்கேற்ப 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையென்றால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது. ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்குமுன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்!

ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் பத்திரம் கொடுக்க முடியவில்லையா? நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்கிறது அதே 2023 உத்தரவு. காவலில் இருப்பவர் எவரும், வருமானம் எதுவானாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.

வியாபாரிகளே! கல்யாணத்துக்குக் கேட்டால் அள்ளிக் கொடுக்கிறீர்கள். "ஜாமீன் நிற்க வாருங்கள்" என்றால் மட்டும் ஏன் கடையின் பின்வாசலைத் தேடுகிறீர்கள்? வாய்தாவுக்கு அவனை வரவழைக்கும் பொறுப்புதான் உங்களுடையது. அவன் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் உங்கள் மேல் ஏறாது. பயம் நியாயமே; அறியாத ஆளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்குமா தயக்கம்? நல்லவர்கள் ஒதுங்கினால் கூலிக்கு நிற்கும் போலி ஜாமீன்தாரர்கள் நுழைவார்கள். அது இன்னொரு வழக்கில் கொண்டுபோய் விடும்.

நம் ஃபிக்ஹு நூல்களில் 'கஃபாலா' என்று ஒரு பாடமே உண்டு. பிறருக்காகப் பொறுப்பேற்பதுதான் அது. ஒவ்வொரு ஊர் ஜமாஅத்திலும், சொத்துச் சான்றோடு, ஜாமீன் நிற்க முன்வரும் பத்துப் பேரின் பட்டியல் இருக்கட்டும். பக்கத்துக் குப்பத்து ஏழை வந்து கேட்டாலும் மதம் பாராமல் எழுந்து போங்கள். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் முதலாவதாக இருக்குமா?