நாவலுக்கு முன் ஓர் ஓவியம்

வர்ஜீனியா வுல்ஃப் 1927இல் வெளியிட்ட 'டு த லைட்ஹவுஸ்' நாவலைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் தொடக்கப் பக்கங்களிலேயே திணறுவதில் வியப்பில்லை. ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குக் கதை சொல்லாமல் கொள்ளாமல் தாவுகிறது; மையப் பாத்திரமான திருமதி ராம்சேயின் மரணமே அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. மிரண்டுபோன மாணவர், தலைப்பில் உள்ள கலங்கரை விளக்கம் எதற்குக் குறியீடு என்று துணைநூலில் தேடி மனப்பாடம் செய்துகொள்கிறார். அவருக்கு முதலில் ஓர் ஓவியத்தைக் காட்டுவதே நல்ல வழி.

பால் செசான் 1893 வாக்கில் வரைந்த, சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள ஆப்பிள் கூடை ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். மேசையின் முன்விளிம்பு, அதன்மேல் கிடக்கும் துணிக்கு இடப்புறமும் வலப்புறமும் ஒரே கோட்டில் சேரவில்லை. பாட்டில் சாய்ந்து நிற்கிறது. சற்றுப் பொறுமையாகப் பார்க்கும் மாணவர், ஒரே இடத்தில் நின்று பார்த்த மேசை இதுவல்ல என்பதைத் தாமே கண்டுகொள்வார். செசானை 1910இல் லண்டன் கண்காட்சியில் பரவலாக அறிமுகப்படுத்திய ரோஜர் ஃப்ரை, வுல்ஃபின் நண்பர். நாவலிலும் லில்லி பிரிஸ்கோ என்ற ஓவியர் வருகிறார். அவர் தீட்டிய ஊதா முக்கோணம் என்ன என்று பேங்க்ஸ் என்ற இன்னொரு பாத்திரம் கேட்கிறார். மகனுக்குப் படித்துக்காட்டும் தாய் என்கிறார் லில்லி. சாயல் அவருக்கு நோக்கமில்லை. ஓரிடத்தில் ஒளி இருந்தால் இன்னோரிடத்தில் நிழல் வேண்டும் என்பதே அவர் கணக்கு. வுல்ஃபும் ஃப்ரைக்கு எழுதிய கடிதத்தில், கலங்கரை விளக்கத்துக்குத் தனிப்பொருள் எதுவும் வைக்கவில்லை, நூலின் நடுவே அமைப்பைத் தாங்க ஒரு கோடு தேவைப்பட்டது என்றே விளக்கினார். 'இது எதன் குறியீடு' என்ற கேள்வி 'இது ஏன் இந்த இடத்தில் இருக்கிறது' என்று மாறும்போது நாவல் பிடிபடத் தொடங்குகிறது.

ஓவியம் ஒரே பார்வையில் அடங்கிவிடும், நாவலோ காலத்தில் விரிவது, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பத்தாண்டுகள் ஓடி மறையும் நாவலின் நடுப்பகுதியை எந்த ஓவியமும் கற்றுத் தராது. வாக்கியங்களின் ஓட்டத்தை வாசித்தே உணர வேண்டும். ஆனால் செசானின் மேசையும் ஒரே பார்வையில் அடங்குவதில்லை. கண் திரும்பத் திரும்பச் சென்றுதான் அதைச் சேர்த்துக்கொள்கிறது. பாடவேளை வீணாகும் என்பது அடுத்த ஆட்சேபம். ஓர் அச்சுப்படத்துக்கு அரைமணி நேரம் போதும். விளங்காமல் புரட்டும் பக்கங்களுக்கு அதைவிட அதிக நேரம் வீணாகிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: படத்தைப் பார்த்த கையோடு நாவலின் ஒரு பக்கத்தைத் திறந்து, பார்வை எந்தச் சொல்லில் கைமாறுகிறது என்று வகுப்பில் தேட வேண்டும். அதைச் செய்யாவிட்டால், துணைநூலுக்குப் பதிலாக ஓவியத்தை வைத்ததோடு வேலை முடிந்துவிடும்.