ரிஸ்க்கை யார் சொல்லோணும்?

அண்ணல் அம்பேத்கர் கொஞ்ச காலம் முதலீட்டு ஆலோசகராகத் தொழில் நடத்தினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பரோடாவில் தங்க இடம்கூடக் கொடுக்காமல் விரட்டியடித்த பிறகு 1917இல் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்த மனிதர். பங்கு வியாபாரிகளுக்கு யோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆள் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுபோனார்கள். தொழிலை மூட வேண்டியதாயிற்று. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிப் புத்தகமே எழுதியவர் அவர். யார் வாயிலிருந்து வந்தால் யோசனை, யார் வாயிலிருந்து வந்தால் தீட்டு என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

இப்போது துடியலூருக்கு வருவோம்.

என் சித்தப்பா முப்பது வருசம் துப்புரவு வேலை பார்த்தவர். 2011இல் ஓய்வுப் பணம் வந்தது. பணம் வரப்போகிற சேதி எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஏஜெண்டுக்குத் தெரிந்திருந்தது. அதுவரை எங்கள் வீதியில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர், அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தார். பேர் சொல்லி நீ, வா, போ என்று பேசியவர், வாங்க, போங்க என்றார். சித்தப்பா கவுந்தது அங்கேதான். வட்டிக் கணக்கை அவர் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏனுங், பணத்துக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

"அட, நானே போட்டிருக்கறனுங்க."

ஈமுக் கோழி. கம்பெனி பேர் வேண்டாம். அன்றைக்குக் கொங்கு நாட்டில் தடுக்கி விழுந்தால் ஈமு கம்பெனிதான். பெரிதாகப் பேசப்பட்டது பெருந்துறை சுசி ஈமு. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, மாசம் ஆறாயிரம், வருசத்துக்கு இருபதாயிரம் போனஸ் என்றார்கள். கூட்டிப் பாருங்கள்: வருசத்துக்கு 92,000. நூற்றுக்கு அறுபதுக்கும் மேலே! நிலம் இல்லாதவனுக்கும் ஒரு திட்டம் இருந்தது. கோழியைக் கம்பெனியே வளர்க்கும், நீ பணத்தை மட்டும் கட்டு. சினிமா நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். 2012 ஆகஸ்டில் அது கவிழ்ந்தது. தீனியில்லாமல் கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீனி போட்டது. பணம் கட்டியவன் மனு எழுதிக்கொண்டிருந்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. செபியின் 2013 விதிகள் முதலீட்டு ஆலோசகர் மேல் கடமையை வைக்கின்றன. பதிவு செய்திருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நட்டம் தாங்குவார் என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஆபத்தைச் சொல்ல வேண்டும், அவருக்குப் பொருந்தாததைச் சொல்லக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் நாடு முழுக்க அப்படிப் பதிவு செய்தவர்கள் ஒன்றிரண்டு ஆயிரத்தைத் தாண்டமாட்டார்கள். அவர்களில் எவர் நம் தெருவுக்கு வருகிறார்? நமக்கு யோசனை சொல்பவர் கமிஷன் ஏஜெண்ட். அவருக்கு 'ஆலோசகர்' என்ற பேரும் இல்லை, ஆலோசகரின் கடமையும் இல்லை.

1997இன் டான்பிட் சட்டம் பணம் போன பிறகு துரத்துகிற சட்டம். திருப்பூர் பாசி நிறுவனம் கவிழ்ந்தது 2009இல், சுமார் 930 கோடி ரூபாய். கோவை நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு தண்டனை கொடுத்தது 2022இல். பதிமூன்று வருசம்! அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்? 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் ஆசை காட்டி ஆள் பிடிப்பவரையும் தொடுகிறது. ஆனால் 'தெரிந்தே' பொய் சொல்லியிருக்க வேண்டுமாம், 'வேண்டுமென்றே' மறைத்திருக்க வேண்டுமாம். அந்த ஓட்டை போதாதா? "எனக்கே தெரியாதுங்க, நானும் ஏமாந்தவன்தானுங்க" என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் நழுவிவிடுகிறார். வாங்கிய கமிஷனை மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

பணத்தைப் பறிகொடுத்தவனைப் பார்த்து 'பேராசை' என்கிறார்கள். கடன் கேட்டுப் போனால் பாங்கில் நிற்கவைத்தே திருப்பி அனுப்புவார்கள். காடு தோட்டம் கிடையாது. மகள் கல்யாணத்துக்கும் ஓட்டு வீட்டுக்குமாக ஒரே ஒரு தடவை கைக்கு வந்த பணம். அதை இரட்டிப்பாக்க நினைத்தால் பேராசை. பரம்பரைச் சொத்தைப் பங்குச் சந்தையில் போடுகிறவனுக்குப் பேர் முதலீட்டாளர். நல்ல நியாயம்!

கமிஷன் வாங்குகிற ஒவ்வொருவன் மேலும் எச்சரிக்கும் கடமையைச் சட்டம் வைக்கட்டும். பணம் முழுக்கப் போகலாம் என்று தமிழில், பெரிய எழுத்தில், கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் எழுதிக் கொடுக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வைத்துப் படித்துக் காட்டட்டும். சொன்னேன் என்று நிரூபிக்க வேண்டியது ஏஜெண்ட். சொல்லவில்லை என்று என் சித்தப்பா நிரூபிக்க வேண்டியதில்லை. இல்லையென்றால் கமிஷனோடு முதலையும் அவனே கட்டட்டும். வெட்ட வெளிச்சமான கணக்கைப் போட்டுப் பார்க்காதது 'தெரியாது' ஆகாது.

சித்தப்பா இன்னமும் அந்த ரசீதைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஏஜெண்ட் இப்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் சைட் வாங்கி விற்கிறார். ரோட்டில் பார்த்தால் சித்தப்பாவைக் கூப்பிடுகிறார், பேர் சொல்லித்தான்.