மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ்

'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை' என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். அந்த இலுப்பையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் ஒன்று மன்னார் மாவட்டத்தில் உண்டு. மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருந்தெருவிலே விடத்தல்தீவைக் கடந்து, வெள்ளாங்குளத்தை அடையுமுன் வருவது இலுப்பைக்கடவை. அவ்வூரில் அண்மையில் நாம் கேட்ட ஒரு வழக்கே இவ்வாரத்துப் பொருள். வழக்கென்றதும் நீதிமன்றத்தை நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய மோட்டார்க் காரின் காபரேற்றரைக் குறித்துத் தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழுந்த வழக்கு அது.

வழியில் தாகந் தீர்க்க ஓர் அன்பர் வீட்டில் இறங்கினோம். முற்றத்து வேப்பமரத்தின் கீழே மொறிஸ் மைனர் ஒன்று நின்றது. அன்பரின் தகப்பனார் வாங்கிய கார். 2002-ஆம் ஆண்டில் பாதை திறந்தவுடன் அதனை யாழ்ப்பாணத்தில் மைத்துனர் வீட்டிலே கொண்டுபோய் நிறுத்தியிருந்தமையால், 2008-ஆம் ஆண்டின் இடப்பெயர்விலிருந்து அது தப்பியது. வீட்டுக்காரர் மீண்டு வந்து குடியமர்ந்த பின்னர் அதுவும் ஊருக்கு மீண்டது. மன்னாரில் மோட்டார்த் தொழில் பழகும் மகன், காபரேற்றரைக் கழற்றிவிட்டு மின்னணு முறையில் எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பொருத்த வேண்டுமென்கிறான். தந்தையோ, "தம்பி, அந்தக் காபரேற்றர் இல்லையென்றால் அந்த நாளிலே நாங்கள் என்ன பாடு பட்டிருப்போம் என்று உனக்குத் தெரியாது" என்கிறார். நாம் வந்து சேர்ந்ததும் இருவரும் எம்மை நடுவராக்கிவிட்டனர்.

தந்தை சொல்லும் 'அந்த நாள்' எதுவென்பதை இளைய வாசகர்க்குச் சிறிது விளக்கவேண்டும். 1990-ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது வடபகுதிக்குப் பெற்றோல் முதலிய பொருள்கள் செல்வது தடைசெய்யப்பட்டது. வன்னிப் பெருநிலத்தில் அந்நிலை 2002-ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் நீடித்தது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரியிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் படித்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்களாய் இருக்கின்றனர். பெற்றோல் கிடைத்தாலும் அது பொன்னின் விலை. ஆகவே பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்ட எம்மவர் கற்றுக்கொண்டனர். ஆலையில்லா ஊரின் இலுப்பைப்பூ அதுவேயாயிற்று.

இஃது எவ்வாறு இயன்றது? மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாத எண்ணெய். பெற்றோலின் ஒரு பகுதி வெயிற்சூட்டிலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ 150 பாகை சதமளவைத் தாண்டினாற்றான் கொதிக்கத் தொடங்கும். ஆதலால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர்பெறாது. சிறு போத்தலொன்றில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலைந்து துளியைக் காபரேற்றரின் வாயில் விடுவார்கள். எஞ்சின் இருமிக்கொண்டு எழும். சூடேறியதும் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். மொறிஸ் எஞ்சினிலே புகைபோக்கும் குழாயும் காற்று உட்செல்லும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி அமைந்தவை. புகையின் வெப்பம் உட்செல்லும் கலவையையும் சுடவைத்தது. அதனை அமைத்த ஆங்கிலேயர் தம் நாட்டுக் குளிரை நினைத்து அமைத்தனர். அது எம் ஊரின் பஞ்சத்துக்கு உதவிற்று.

மற்றொரு காரணமும் உண்டு. பழைய எஞ்சின்கள் கலவையை ஏறத்தாழ ஏழிலொரு பங்காகவே அமுக்கின. பத்தில் ஒரு பங்காக அமுக்கும் இக்கால எஞ்சினில் மண்ணெண்ணெயை இட்டால் அது நேரந்தவறி வெடித்துச் சுத்தியலால் அடிப்பது போல் தட்டும். பழைய எஞ்சினிலும் தட்டல் இல்லாமற் போகவில்லை. பொறி பாயும் நேரத்தைச் சற்றுப் பிந்தவைத்துச் சமாளித்தார்கள். வெண்புகை சூழ, எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. அடிக்கடி ஒயில் மாற்றவும் வசதியில்லை. எத்தனையோ எஞ்சின்கள் அதனாலேயே தேய்ந்து அழிந்தன என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் ஓடின. இந்த மொறிஸிலே பிள்ளைப்பேற்று வலியெடுத்த பெண்ணொருத்தியை ஒரு மழையிரவில் மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதை அன்பர் விரித்துரைத்தார். வழியில் இருமுறை எஞ்சின் நின்றதாம்; இருமுறையும் போத்தலிலிருந்து துளித்துளியாய் விட்டு எழுப்பினாராம். அன்று பிறந்த குழந்தைக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல்.

இம்முறை எம்மவர் மட்டுமே கண்டதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1949-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை, சிறு தாங்கியிலுள்ள பெற்றோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் உழுதது. இக்கரையோரத்து மீனவரின் வெளியிணைப்பு எஞ்சின்களும் அவ்வழியே மண்ணெண்ணெயில் ஓடுவன. அவர்களுக்கும் சோதனை வராமற் போகவில்லை. 2022 ஆகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு உயர்ந்தபோது கரையில் ஏறிய படகுகள் பல.

இனி மகனின் கட்சியைக் கேட்போம். ஒரு லீற்றர் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும்; நிறையிற் சொன்னால் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. மொறிஸிலுள்ள எஸ்.யூ. காபரேற்றர் இந்த அளவைக் காட்டும் விதம் அழகானது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க, உள்ளே ஒரு முசலம் மேலெழும். அதனோடு ஒட்டிய கூர்ந்த ஊசியும் எழும். ஊசி எழுந்த அளவுக்குப் பெற்றோலின் வழி அகலும். கீழேயுள்ள நட்டு ஒன்றைத் திருப்பினால் கலவை தடிக்கும் அல்லது மெலியும். இவ்வளவே. ஆனால் அந்த ஊசிக்கு இன்று வெயிலா மழையா என்பது தெரியாது. எஞ்சின் வெளிவிடும் புகையில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஊசியும் துளையும் தேய்ந்துவிட்டால் அளவு பிழைக்கும், பெற்றோல் வீணாகும்.

மின்னணு முறையில் நிகழ்வது வேறு. காற்றின் அமுக்கம், எஞ்சினின் சூடு, கால்மிதி திறந்த அளவு ஆகியவற்றைச் சென்சர்கள் அறிந்து ஒரு சிறு கணினிக்குச் சொல்லும். இன்ஜெக்டரின் வாய் ஒரு வினாடியின் ஆயிரத்திற் சில பங்கு நேரமே திறந்து மூடும். அந்நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் கணினி அளவிடும். புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர், எரிந்து முடிந்ததைப் பார்த்து, கூடிற்று குறைந்தது என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும். சமைத்தவளே ருசி பார்த்து உப்பைத் திருத்துவது போன்றது இது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவானதையும், பின்னர் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்டதையும் கண்ட இளைஞன், "அப்பா, ஒரு துளியும் வீணாகக் கூடாது என்பதுதானே உங்கள் பாடமும்" என்றபோது தந்தை வாய் திறக்கவில்லை.

அவன் கேட்பதற்கு முன்மாதிரி உண்டா? உண்டு. அதுவும் இந்த எஞ்சினின் குடும்பத்திலேயே உண்டு. 1951-இல் ஒஸ்ரின் ஏ 30 காரில் பிறந்து, மறு ஆண்டே மொறிஸ் மைனரிலும் புகுந்த இந்த எஞ்சின் வரிசைதான் பின்னர் மினி காரிலும் அமர்ந்தது. நாற்பது ஆண்டு கழிந்தபின், 1991-இல், மினி கூப்பருக்கு அதனைச் செய்தவர்களே காபரேற்றரை நீக்கி இன்ஜெக்டரைப் பொருத்தினர். அவர்கள் பொருத்தியது ஒரேயொரு இன்ஜெக்டர். இதனை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். நான்கு சிலிண்டருக்கும் நான்கு வைத்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். இந்த எஞ்சினில் காற்று உட்செல்லும் வாசல் இரண்டே. முதலிரு சிலிண்டருக்கும் ஒன்று, அடுத்த இரண்டுக்கும் ஒன்று. ஒரே படலையால் இரண்டு வீட்டார் புழங்குவது போலாகையால், ஒருவனுக்கு இட்டதை மற்றவன் கொண்டுபோவான். காபரேற்றர் இருந்த இடத்திலேயே ஒன்றை வைத்து எல்லோருக்கும் பொதுவாகத் தெளிப்பது எளிது. மகன் நாலு இன்ஜெக்டரைக் குறித்து வைத்திருந்தான். இதனைக் கேட்டதும் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தான்.

கடல்கடந்த உதாரணம் ஒன்றும் சொன்னோம். அமெரிக்காவில் சமையலறையும் படுக்கையும் உள்ளே அமைந்த வீட்டு வண்டிகள் உண்டு. 1973 முதல் 1978 வரை ஜி.எம்.சி. நிறுவனத்தார் செய்த அத்தகைய வண்டிகளைப் பேணுவோர் பலர் காபரேற்றரை நீக்கி இன்ஜெக்டர் பொருத்தியிருக்கின்றனர். மலையேறும்போது காற்று மெலிவதும், பெட்டிக்குள் அடைந்த எஞ்சினின் சூட்டில் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைப்பதும் அவர்களுடைய தொல்லைகள். இலுப்பைக்கடவையில் ஏற மலையில்லை. பங்குனி வெயில் மட்டும் உண்டு.

ஆயினும், இன்ஜெக்டரை வாங்கிப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் ஏமாறுவர். இந்த மொறிஸ் பிறந்த காலத்தில் பற்றரியின் நேர்முனையையே உடலோடு இணைத்தனர். இக்காலக் கணினிகளுக்கு எதிர்முனை உடலோடு இணையவேண்டும். மறந்து இணைத்தால் கணினி அக்கணமே கருகும். பழைய டைனமோ தருவது ஏறத்தாழ இருபது அம்பியர். அதுவும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகக் குறைவு. கணினிக்கும் உயர் அமுக்கப் பம்புக்கும் அது போதாது; ஓல்ரனேற்றர் வேண்டும். பழைய பம்பின் அமுக்கம் மெல்லியது. புதியதோ அதனைப் பன்மடங்கு மிஞ்சும். ஆகையால் பழைய றப்பர்க் குழாய் ஒவ்வொன்றும் மாறவேண்டும். மாற்றாவிடில் வெடித்துத் தீப்பற்றும். தாங்கியினுள்ளே துரு இருந்தால் காபரேற்றர் பொறுத்துக்கொள்ளும். இன்ஜெக்டரின் மயிரிழைத் துளை பொறாது. கடலோர உப்புக்காற்றில் கிடந்த தாங்கியில் துரு இல்லாமலிருக்குமா? தட்டிப் பார்த்தோம், உள்ளே மணல் கொட்டுவது போல் ஓசை எழுந்தது. புகைக்குழாயில் ஓட்டையிருந்தால் அதன்வழி வெளிக்காற்று புகும். சென்சர் அதனைப் பார்த்துப் 'பெற்றோல் குறைந்தது' என்று பொய்யான செய்தி சொல்லும். கணினி மேலும் மேலும் ஊற்றும். மிச்சம் பிடிக்கப் போய் இரட்டிப்பாகச் செலவழிப்பது அப்படித்தான்.

தந்தையின் அச்சத்தையும் நாம் தள்ளிவிடவில்லை. காபரேற்றர் கார் வழியில் நின்றால் ஒரு திருகாணிச் செலுத்தியோடு குனிந்து பார்க்கலாம். பற்றரி நலிந்திருந்தாலும் முன்னே கைபிடியைச் செருகிச் சுற்றி எழுப்பலாம். கணினி பழுதானால் இலுப்பைக்கடவையிலிருந்து எத்தனை கட்டை தூரம் போய் அதைத் திருத்துவது? மண்ணெண்ணெய்க்கென்று கணினிக்குப் புதுக் கணக்கு எழுதிக்கொடுக்க இங்கே யார் உளர்?

நம் தீர்ப்பை இருவரும் கேட்டனர். இன்ஜெக்டர் வைக்கலாம்; ஆனால் இப்போதன்று. முதலில் தாங்கியைக் கழற்றிச் சுத்தஞ்செய்க; பின்னர் வயர்களையும் குழாய்களையும் மாற்றி ஓல்ரனேற்றரைப் பொருத்துக. பழைய காபரேற்றருடனேயே ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, அப்போதும் பெற்றோல் வீணாகுமாயின் ஒற்றை இன்ஜெக்டரை அமர்த்துக. அதனை அமர்த்தும் தகட்டைப் பழைய காபரேற்றரின் துளைகளுக்கு ஒத்தவாறே செய்க. கழற்றிய காபரேற்றரை விற்றுவிடாதே. மகனுக்கு ஆறு மாதம் நீண்டதாய்த் தோன்றிற்று. தந்தைக்கோ 'வைக்கலாம்' என்ற சொல்லே கசந்தது. இருதரப்பும் முகஞ்சுளித்தமையால் தீர்ப்பு நடுநிலையானதென்று நாமே எம்மை மெச்சிக்கொண்டோம்.

நாம் விடைபெறும்போது மகன் காரின் கீழே படுத்துத் தாங்கியின் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தான். தந்தை வீட்டினுள் சென்று பிஸ்கட் தகரம் ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். உள்ளே அந்தச் சிறிய போத்தல் இருந்தது. காபரேற்றரும் இதற்குள் அடங்குமா என்று கையால் அளந்து பார்த்துக்கொண்டே, "தம்பி, கழற்றுகிற அன்றைக்கு என்னைக் கூப்பிடு, நான்தான் கழற்றுவேன்" என்றார்.