கவுன் போட்ட கேர்ட் கோபேன்

கம்பஸுக்குள் ஒரு பெண் பிள்ளை நிர்வானா ரீசேர்ட்டோடு வந்தால், எங்கிருந்தோ ஒரு அண்ணா முளைப்பார். "நிர்வானாவோ? எங்க, மூண்டு பாட்டுச் சொல்லும் பாப்பம்." பெடியங்களிடம் இந்தச் சோதினை பெரும்பாலும் நடப்பதில்லை. இசைதான் விசயம், உடுப்பு சும்மா பகட்டு, பாட்டுத் தெரியாதவை அதைத் தொடக்கூடாது என்பது அண்ணாமாரின் நியாயம்.

அந்த நியாயம் கேர்ட் கோபேனுக்கே பொருந்தாது என்கிறோம் நாங்கள்.

1991 இல் எம்ரிவியின் 'ஹெட்பாங்கர்ஸ் போல்' நிகழ்ச்சிக்கு அவர் மஞ்சள் கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். அது ஹெவி மெற்றல் ஆக்களின் கோட்டை. தோல் ஜக்கெற், இறுக்கமான காற்சட்டை, நெஞ்சை நிமிர்த்திய ஆம்பிளைத்தனம். ஆங்கிலத்தில் 'போல்' என்றால் நடன விருந்து, விருந்துக்குக் கவுன்தானே என்பது அவர் சொன்ன விளக்கம். பகிடிதான். ஆனால் அடுத்த வருடம் 'இன் புளூம்' வீடியோவில் முழு பாண்டும் சட்டை போட்டு மேடையை உடைத்தது. 1993 இல் 'த ஃபேஸ்' சஞ்சிகையின் அட்டையில் பூப்போட்ட சட்டையோடு நின்றார். ஒரே பகிடியை ஒருத்தர் மூன்று வருடமாகத் தற்செயலாகவா செய்வார்? தன்னை எந்த மாதிரி ஆம்பிளையாகப் பார்க்கக்கூடாது என்பதை அவர் உடுப்பாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கறையே இல்லாத மாதிரித் தெரிந்த மற்ற உடுப்புகளும் அப்படித்தான். 1992 ஏப்ரல் 'றோலிங் ஸ்ரோன்' இதழின் அட்டைக்குப் படம் எடுத்தபோது, கம்பனிச் சஞ்சிகைகளைத் திட்டிக் கையால் எழுதிய ரீசேர்ட்டோடு வந்தார். திட்டினார், ஆனால் அட்டைக்கு நிற்கவும் செய்தார். இதைக் கபடம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த இழுபறியை மறைக்காமல் நெஞ்சிலேயே எழுதிப் போட்டாரே.

சந்தை இதையெல்லாம் எப்படிச் சாப்பிட்டது என்பது வேறு கதை. அதே 1992 இல் மார்க் ஜேக்கப்ஸ், பெரி எலிஸ் கொம்பனிக்காக பழைய உடுப்புக் கடைச் சேட்டின் கோட்டுக் கட்டத்தைப் பட்டுத்துணியில் அச்சடித்து மேடை ஏற்றினார். அவருக்கு அந்த வேலையும் போனது. எம்ரிவி 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில் கோபேன் போட்ட கார்டிகன் 2019 ஏலத்தில் 334,000 டொலருக்குப் போனது. கறையோடு, சிகரெட் சுட்ட ஓட்டையோடு, தோய்க்காமல்.

ஆனால் அண்ணாமாருக்கு நாங்கள் காட்ட விரும்புவது இன்னொரு ரீசேர்ட்டை. தவளை மாதிரி ஒரு உருவம் வரைந்த வெள்ளை ரீசேர்ட். டானியல் ஜோன்ஸ்டன் என்ற பாடகரின் 1983 கசெற்றின் அட்டைப்படம் அது, அவரே கீறினது. ஒஸ்ரின் நகரத்தில் தன் கசெற்றுகளைக் கையாலேயே ஆக்களுக்குக் கொடுத்துத் திரிந்தவர். கோபேன் அந்த ரீசேர்ட்டை 1992 எம்ரிவி விருது விழாவுக்கே போட்டுக்கொண்டு போனார். பார்த்த அனேகம் பேருக்கு ஜோன்ஸ்டனின் ஒரு பாட்டும் தெரியாது. தெரியாததால்தான் ஆர் இது என்று தேடினார்கள். 1994 இல் அற்லான்ரிக் போன்ற பெரிய கொம்பனியே ஜோன்ஸ்டனின் இசைத்தட்டை வெளியிட்டது.

அந்தக் கசெற்றை ஒருக்கால் தேடிக் கேட்டுப் பாருங்கோ. மலிவான ரேப் ரெக்கோடரில் பதிந்தது, இரைச்சல் கொஞ்சம் கூட.