ஊசியில் ஆவி ஏதுமில்லை

சீன மருத்துவம் படிக்க நினைக்கும் கிறிஸ்தவ மாணவருக்குச் சபையில் கிடைக்கும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். அது தாவோயிசத்தில் பிறந்தது, உடலில் ஓடுவதாகச் சொல்லப்படும் ‘ச்சி’ என்பது ஓர் ஆவி, அக்குபங்சர் ஊசி பிசாசுக்கு வாசல் திறக்கும், ஆகவே விசுவாசி அதைப் படிக்கவே கூடாது. பக்தியோடு சொல்லப்படுவதால் இதை யாரும் மறுத்துக் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் நிற்கக்கூடியது மிகக் கொஞ்சம்.

முதலில் பிறப்பு. சீன மருத்துவ முன்னோர்களில் தாவோயிஸ்டுகள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ‘மருந்தரசர்’ என்று கொண்டாடப்படும் ஏழாம் நூற்றாண்டின் சுன் சிமியாவ் அப்படிப்பட்டவர். அவர் நூல்களில் மந்திர உச்சாடனங்களும் இருக்கின்றன. ஆனால் பிறப்பைப் பார்த்துத்தான் தீர்ப்பு என்றால், ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியை என்ன செய்வது? அப்போலோ, அஸ்கிலேப்பியஸ் முதலான கிரேக்கத் தெய்வங்களின் பெயரில்தான் அது தொடங்குகிறது. காலன் என்ற புறச்சமய மருத்துவர் முறைப்படுத்திய நால்வகை உடல்நீர்க் கொள்கையை வைத்துக்கொண்டுதான் ஐரோப்பியத் துறவியர் மடங்கள் பல நூற்றாண்டுகளாக நோயாளிகளைப் பார்த்தன. நல்ல நாள் பார்த்து, ராசி பார்த்து இரத்தம் வடித்தார்கள். அதற்காக மருத்துவக் கல்லூரிக்குப் போகாதே என்று எந்தப் போதகரும் சொல்வதில்லை.

சீன மருத்துவத்துக்குள்ளேயே சூனியத்துக்கு எதிரான குரல் பழையது. பியன் சுவே என்ற மருத்துவரைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் சீமா சியென், குணப்படுத்த முடியாத ஆறு வகை ஆட்களைப் பட்டியலிடுகிறார். மருத்துவரை விட்டுப் பூசாரியை நம்புகிறவன் அதில் ஒருவன். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் எழுதப்பட்டது அது. 1596இல் அச்சான பெரும் மருந்து நூலில் 1,892 பொருள்களை விவரித்த லீ ஷிச்சென், பாதரசம் சாப்பிட்டால் சாகாவரம் கிடைக்கும் என்ற தாவோ ரசவாதிகளை வெளிப்படையாகவே சாடினார்.

மருந்தில் சமயம் ஒட்டுவதில்லை என்பதற்கு மலேரியா மருந்துகளின் கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1693இல் காங்ஷி பேரரசருக்கு முறைக்காய்ச்சல் கண்டது. பீக்கிங்கில் இருந்த இயேசு சபைத் துறவிகள் சிங்கோனா மரப்பட்டையைக் கொண்டுவந்தார்கள். நம் பாட்டிமார் ‘கொய்னா’ என்று முகம் சுளித்து விழுங்கியது இந்தப் பட்டையின் சாரத்தைத்தான். அதே பட்டைத்தூள் ‘யேசுசபைத் தூள்’ என்று பெயர் பெற்று, கத்தோலிக்கச் சூழ்ச்சியோ என்று இங்கிலாந்தின் புராட்டஸ்டண்டுகள் சிலரால் சந்தேகிக்கப்பட்டது. காங்ஷி அப்படி எதுவும் கேட்கவில்லை. முதலில் வேறு சிலருக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், பிறகு தானும் குடித்தார், குணமடைந்தார். அரச நகருக்குள்ளேயே அந்தத் துறவிகளுக்கு இடம் கொடுத்தார். அங்கேதான் வடக்குத் தேவாலயம் எழுந்தது.

இப்போது எதிர்த்திசை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் அவசர வைத்தியக் குறிப்புகள் எழுதினார். சாகாவரம் தேடிய அசல் தாவோயிஸ்டு அவர். முறைக்காய்ச்சலுக்கு ச்சிங்ஹாவ் என்ற செடியை (நம் மாசிபத்திரிக்கு உறவு) தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னார். காய்ச்சச் சொல்லவில்லை. சூட்டில்தான் மருந்துச் சத்து கெடுகிறதோ என்று அந்தக் குறிப்பிலிருந்து ஊகித்த தூ யூயூ, 1971இல் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாரம் எடுத்தார். அதிலிருந்து வந்ததே ஆர்ட்டிமிசினின். 2015இல் நோபல் பரிசு. ஆப்பிரிக்காவின் மிஷன் மருத்துவமனைகளிலும் இன்று மலேரியாவுக்கு இந்த வகை மருந்துதான். கே ஹோங்கின் சமயம் அந்த மாத்திரையில் எந்த மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

அடுத்து, ச்சி ஓர் ஆவி என்ற வாதம். மருத்துவ வகுப்பில் அந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்று பார்த்தாலே இது கரைந்துவிடும். வயிற்றின் ச்சி கீழ்நோக்கி இறங்க வேண்டும், மேலேறினால் விக்கல், குமட்டல், வாந்தி. நுரையீரலின் ச்சி குறைந்தால் மூச்சு வாங்கும், குரல் தணியும். அதற்கு விருப்பு வெறுப்பு இல்லை. நோயாளி அதைக் கும்பிடுவதும் இல்லை. வாயு பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்க்கும் தமிழ்க் கிறிஸ்தவர் வாயு பகவானையா வழிபடுகிறார்?

ஊசி பற்றிய பயத்துக்கு ஆய்வுகளே பதில். ஜெர்மனியில் 1,162 முதுகுவலி நோயாளிகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், முறையான அக்குபங்சரால் 47.6 விழுக்காட்டினர் தேறினர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகப் போலியாகக் குத்தப்பட்டவர்களில் 44.2. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4. எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன் என்றால், ச்சி ஓடுவதாகச் சொல்லப்படும் நாடிப் பாதை வழியே ஆவி நுழைகிறது என்பவர்களுக்கும் சங்கடம்தான், அந்தப் பாதையைப் போதிக்கும் பேராசிரியருக்கும் சங்கடம்தான்.

படிப்பதே தீட்டு என்பவர்கள் தானியேலின் முதல் அதிகாரத்தைத் திரும்பப் புரட்டலாம். கல்தேயரின் எழுத்தையும் கல்வியையும் அவர் மறுக்காமல் கற்றார், அதில் தேறியும் காட்டினார். மறுத்தது ராஜாவின் பந்தியை. அவர் கோடு போட்டது தட்டில், பள்ளிக்கூடத்தில் அல்ல. சீன மருத்துவ மாணவருக்கும் அந்தக் கோடு போதும். மூலிகையும் நாடிபார்த்தலும் பாடம். தாயத்து, குறி, உச்சாடனம் வந்தால் மாட்டேன் என்று சொல்லலாம். பாப்டிஸ்டுகள் 1956இல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகம். 1998இல் அங்கே சீன மருத்துவத்துக்கு முழுநேரப் பட்டப்படிப்பு தொடங்கியது. நம்மிடமும் முன்மாதிரி இல்லாமலில்லை. சைவச் சித்தர் மரபின் மருத்துவத்தைக் கற்றுத் தஞ்சாவூரில் அதனாலேயே செழித்த ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவர்தான். கருணானந்தர் என்ற குருவின் பெயரையே தன் மருந்துகளுக்குச் சூட்டினார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘செடி கொடி எல்லாம் கடவுள் படைத்ததுதானே, பிறகென்ன’ என்று சிலர் எளிதாகச் சமாதானம் சொல்வார்கள். எசேக்கியாவின் பிளவைக்கு ஏசாயா போடச் சொன்ன அத்திப்பழப் பற்றையும் துணைக்கு அழைப்பார்கள். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மருந்தொன்றில், சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக வேறொன்று கலந்துவிட்டது. நூறு பெண்களுக்கு மேல் சிறுநீரகம் பழுதானது. பின்னால் பலருக்குப் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் அந்த நச்சுச் செடியின் இனம்தான். அதுவும் படைக்கப்பட்ட செடியே.

பிசாசைப் பற்றிய கேள்வி இத்தனை நாள் மறைத்து வைத்திருப்பது இந்தக் கேள்விகளைத்தான். இந்த மருந்து வேலை செய்கிறதா, எந்த அளவில் நஞ்சாகும், நாடியைப் பிடித்து நான் சொல்வது கண்டுபிடித்ததா, ஊகித்ததா? ச்சி என்ற ஒன்று உடலில் ஓடுகிறது என்று நம்பாத மாணவர், அது ஓடுகிறது என்று நோயாளியிடம் சொல்லலாமா? மனச்சாட்சி உறுத்த வேண்டிய இடம் இதுதான். இங்கே உறுத்தி ஒருவர் படிப்பை விட்டால், அவரோடு எனக்கு வழக்கில்லை.