லண்டன் மேயருக்கு ஒரு திறந்த மடல்: போலீஸ் ஸ்டேஷன் வாசல்கள் குறித்து

பெருமதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு,

இம்மாநகரத்தின் போலீஸ் நிர்வாகத்தை மேற்பார்வையிடும் பொறுப்பும் தங்களையே சார்ந்திருப்பதால் இம்மடலைத் தங்களுக்கு எழுதுகிறேன். ஜனங்கள் நேரில் வந்து முறையிடுவதற்கென்று இருந்த 73 போலீஸ் ஸ்டேஷன் கவுண்டர்களை 32 ஆகக் குறைத்து, அதனால் மிச்சமாகும் 8 மில்லியன் பவுண்டைக் கொண்டு சுமார் 140 கான்ஸ்டபிள்களின் செலவைச் சமாளிக்கலாமென்று 2017-ஆம் ஆண்டில் தங்கள் அலுவலகம் வகுத்த திட்டம் நியாயமே இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். அரசாங்கத்தின் மானியம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிவந்த காலம் அது. கான்ஸ்டபிள் ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்து காகிதம் நிரப்புவதைக் காட்டிலும், டாப்லெட்டும் உடலில் பொருத்திய காமிராவுமாக வீதியில் ரோந்து வருவது மேலென்பதும், வார்டுக்கு இருவரென்று நிரந்தரமாகக் கான்ஸ்டபிள்களை நியமித்தது நல்ல ஏற்பாடென்பதும் என் அபிப்பிராயம்.

ஆனால் அத்திட்டத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கணக்கில்தான் என் மனம் சமாதானமடையவில்லை. 2006-இல் பதிவான குற்றங்களில் நூற்றுக்கு 22 கவுண்டரில் வந்து சொல்லப்பட்டவை என்றும், 2016-இல் அது 8 ஆகிவிட்டதென்றும் கூறினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் டெலிபோனும் கம்ப்யூட்டரும் இருக்க, அந்த எட்டுப் பேர் மட்டும் ஏன் நடந்து வந்தார்கள் என்று யாராவது விசாரித்தார்களா?

கணவனே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ள, வீட்டுக்குள்ளிருந்து ஒரு வார்த்தை பேச வழியற்ற ஸ்திரீ, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருகிறாள். கவுண்டரில் இருப்பவர் அவளுடைய அரைகுறை ஆங்கிலத்தைக் கேட்பதற்கு முன்பே அவள் கன்னத்து வீக்கத்தைப் பார்த்துவிடுகிறார். உள்ளே ஓர் அறைக்கு அழைத்துப்போய் மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லியனுப்புகிறார். ரோந்து வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும், அழைத்தவர் வீட்டுக்குத்தான் போகும். அழைக்க முடியாதவளுடைய வாசலைக் கடந்து போய்விடும். நூறில் எட்டு என்று குறுகிப்போன அந்த எண்ணுக்குள் இப்படிப்பட்டவர்களும் அடங்கியிருக்கிறார்கள் என்பதனால்தான், அதைச் சிறிதென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1861 முதல் லண்டன் ஸ்டேஷன்களின் வாசலில் நீல விளக்கைத் தொங்கவிட்டவர்கள், ஆபத்தில் இருப்பவன் இரவிலும் இடத்தைக் கண்டுகொள்ள வேண்டுமென்பதை அறிந்திருந்தார்கள்.

விம்பிள்டன் விஷயம் தங்களுக்கு நினைவிருக்கும். 2014-இல் தம் வீட்டுக்குள் புகுந்தவர்களால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, போலீஸார் சில நிமிஷங்களில் வந்து சேர்ந்ததால் தப்பிய பால் கோலர் என்ற சட்ட ஆசிரியர், அவ்வூர் ஸ்டேஷனை மூடும் முடிவை எதிர்த்து வழக்காடினார்; கருத்துக் கேட்பில் அவர் எடுத்துச் சொன்னதைத் தக்கபடி பரிசீலிக்காததால் அம்முடிவு சட்டப்படி செல்லாதென்று 2018-இல் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. எல்லா ஊருக்கும் ஒரு கோலர் வாய்ப்பதில்லை. வழக்காட வசதியற்ற பேட்டைகளில் வாசல்கள் சத்தமின்றியே அடைபட்டன.

2025-இலும் எஞ்சிய கவுண்டர்களைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்ட நிலையில், நான் வேண்டுவது இதுதான்: பரோ எனப்படும் ஒவ்வொரு நகரப் பிரிவிலும் இராப்பகல் திறந்திருக்கும் ஒரு கவுண்டராவது இருக்கும்படி செய்தருள வேண்டும். மூடித்தான் ஆகவேண்டுமென்ற இடங்களில், கட்டடத்தை விற்பதற்கு முன்பே, ஜனங்கள் அன்றாடம் போய்வரும் நூலகத்திலோ ஆஸ்பத்திரியிலோ ஓர் அறையை ஏற்பாடு செய்து, குறித்த நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் அங்கே தவறாமல் இருப்பாரென்று, அவ்வட்டாரத்தில் வழங்கும் மொழிகளிலெல்லாம் பழைய ஸ்டேஷனின் கதவிலேயே எழுதி ஒட்டச் செய்ய வேண்டும். அங்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதோடு, எதற்காக வருகிறார்கள் என்பதையும் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிட உத்தரவிடுவீர்களென்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நகரத்துப் பிரஜை ஒருவன்